பாட்டு இல்லாத காப்பி

எங்கள் ஊரில் முதன்முதலாக வீடியோ எடுத்த கல்யாணம் சின்ன அத்தையுடையது. 1989, ஆவணி மாதம். எனக்கு ஒன்பது வயது. பட்டுக்கோட்டையிலிருந்து கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறி, பாலத்தடியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு ஒரு மைல் நடந்தால் வரும் ஊர். தெருவில் இரண்டே வீட்டில் டிவி. இரண்டும் கறுப்பு வெள்ளை. அந்த ஊருக்கு வீடியோக்காரர் வரப்போகிறார் என்ற செய்தி, மாப்பிள்ளை வீட்டார் வரும் செய்தியைவிடப் பெரிதாக இருந்தது எங்களுக்கு.

பெருமைக்காக ஏற்பாடு செய்த வீடியோ இல்லை அது. அப்பா அப்போது துபாயில், ஜெபல் அலியில் வெல்டராக இருந்தார். இரண்டு வருஷ ஒப்பந்தம். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. நகை, பாத்திரம், பந்தல், சமையல் எல்லாமே அவர் அனுப்பிய டிராஃப்ட் பணம்தான். கடைசி டிராஃப்டோடு வந்த கடிதத்தில் அம்மாவுக்கு இரண்டு வரி, அப்பாயிக்கு நான்கு வரி, மாமாவுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார். மாமாவுக்கு எழுதியதின் கடைசி வரி: 'எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்பவும், செலவைப் பார்க்க வேண்டாம்.' அந்த வரியின் அடியில் பேனாவால் இரண்டு தடவை கோடு இழுத்திருந்தார். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் அந்தக் கோடு விரலில் தட்டுப்படும். நான் தடவிப் பார்த்திருக்கிறேன்.

அப்பா விமானம் ஏறியபோது அம்மா ஐந்து மாதம். கார்த்திகையில் பாப்பா பிறந்தாள். மூன்றாம் மாதம் பட்டுக்கோட்டை ஸ்டூடியோவில் குப்புறப் படுக்கவைத்து எடுத்த ஒரு போட்டோ துபாய்க்குப் போயிருந்தது. அவ்வளவுதான். கல்யாணத்தன்று அவளுக்குப் பத்து மாதம். பிடித்துக்கொண்டு நிற்பாள், கையைக் காட்டி எதையோ கேட்பாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். இது எதுவும் அப்பாவுக்குத் தெரியாது.

வீடியோக்காரர் முதல் நாள் மத்தியானமே வந்துவிட்டார். கூடவே ஒரு லைட் பையன். அலுமினியப் பெட்டியைத் திண்ணையில் வைத்துத் திறந்தார். உள்ளே சாம்பல் நிற ஸ்பாஞ்சுக்குள், அளவாகக் குடைந்த பள்ளத்தில் கேமரா படுத்திருந்தது. பானாசோனிக். தோளில் வைத்துத்தான் தூக்க முடியும், அத்தனை பெரிசு. டெக்கில் போடுகிற அதே முழு கேசட் அந்தக் கேமராவின் வயிற்றுக்குள்ளேயே போகும். புது கேசட்டின் கண்ணாடித்தாளை அவர் கிழித்தபோது வந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. புது ரெக்சின் பையும் மழைத்தண்ணீரும் கலந்த மாதிரி ஒரு வாசனை. கேட்டுக்கேட்டு நச்சரித்ததால் ஒரு தடவை என்னைக் கேமராவின் கண்குழியில் பார்க்கவிட்டார். பந்தலில் சிவப்புத் துணியும் மஞ்சள் துணியும் தொங்கிக்கொண்டிருக்க, உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. தீப்பெட்டிப் படம் அளவு ஒரு சின்ன டிவி. அதில் அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு நடந்து போனாள். நேரில் நான் தினம் பார்க்கிற அம்மா, அந்தச் சின்னப் பெட்டிக்குள் யாரோ போல இருந்தாள். கண்ணை எடுத்துவிட்டு நிஜமாக அவள்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

ராத்திரி மாப்பிள்ளை அழைப்பில்தான் அந்த வெளிச்சம் வந்தது. ஆயிரம் வாட் ஹாலஜன் லைட்டைக் கைப்பிடியில் மாட்டி, லைட் பையன் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பான். பின்னாலேயே வயர் பாம்பு மாதிரி பந்தல் முழுக்க ஊரும். 'வயரை மிதிக்காத, வயரை மிதிக்காத' என்று மாமா கத்திக்கொண்டே இருந்தார். அரிக்கேனையும் நாற்பது வாட் குண்டு பல்பையும் பார்த்துப் பழகிய எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு அப்படி ஒரு வெளிச்சம் விழுந்ததே இல்லை. உத்தரத்தில் இருந்த ஒட்டடை, தூணில் இருந்த எண்ணெய்க் கறை எல்லாம் பகிரங்கமாகிவிட்டன. சூட்டில் அத்தையின் நெற்றிச்சுட்டி பசை விட்டு நழுவியது. இரண்டு தடவை ஃபியூஸ் போனது. ஒவ்வொரு தடவையும் இருட்டானதும் ஓவென்று குழந்தைகள் கத்தினோம்.

முதலில் எல்லாரும் கேமராவைக் கண்டதும் விறைத்து நின்றார்கள். போட்டோவுக்கு நின்ற பழக்கம். 'அசையுங்கம்மா, பேசுங்க, இது போட்டோ இல்ல' என்று வீடியோக்காரர் சொல்லச்சொல்ல இன்னும் விறைத்தார்கள். மாமாதான் அதை உடைத்தார். நேராகக் கேமரா முன்னால் வந்து, மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, 'மச்சான், நல்லாருக்கீங்களா? இங்க எல்லாம் நல்லபடியா நடக்குது. கவலைப்படாதீங்க' என்றார். அவ்வளவுதான். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று புரிந்துவிட்டது, அந்தக் கண்ணாடிக்குள் யார் இருக்கிறார் என்று. சமையல்காரர் அண்டாவின் மூடியைத் திறந்து காட்டினார். பெரியப்பா புது வேட்டியின் கரையை விரித்துக் காட்டினார். அப்பாவோடு சேர்ந்து படித்த பள்ளித்தோழர் ஒருவர் வெற்றிலைப் பெட்டியைக் கேமராவுக்கு நீட்டினார், எடுத்துக்கொள் என்பதுபோல. அப்பாயியைத் திண்ணையில் உட்காரவைத்துத் தனியாக எடுத்தார்கள். லைட்டில் கண் கூசி நீர் வழிய, அவர் ரொம்ப நேரம் பேசினார். நான் அப்போது லைட் பையன் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. மேளக்காரர்கள் பக்கத்திலேயே சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா மட்டும் கேமரா பக்கமே வரவில்லை. மாமியார், நாத்தனார், பெரியவர்கள் எல்லாரும் இருக்கிற இடத்தில் புருஷனோடு எப்படிப் பேசுவது? வீடியோக்காரர் கூப்பிட்டும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் தாலி கட்டி முடித்து, பந்தி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், கூடத்துத் தூணுக்குப் பக்கத்தில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கேமரா அந்தப் பக்கம் திரும்பியது. அம்மா ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு பாப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக் கேமராவுக்கு நேராக நீட்டினாள். பாப்பா லைட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அழப்போகிறாள் என்று நினைத்தபோது, கேமராவின் முன்னால் எரிந்த சின்னச் சிவப்பு விளக்கு அவள் கண்ணில் பட்டுவிட்டது. அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அம்மா வாயைத் திறக்கவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

மிக்சிங் முடிய ஒரு மாதம் ஆகும் என்றார் வீடியோக்காரர். ஆனால் கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர் துபாய்க்குக் கிளம்புவதாக இருந்தது. அந்த ஆளை விட்டால் அடுத்து யார், எப்போது என்று தெரியாது. மாமா ஸ்டூடியோவுக்கே போய் உட்கார்ந்துவிட்டார். 'அவருக்குப் பூவும் தாமரையும் வேணாங்க. முகம் தெரிஞ்சாப் போதும், எடுத்தத அப்படியே குடுங்க' என்று சொல்லி, இரண்டு டெக்கை வயரால் கோத்து, ராத்திரியோடு ராத்திரியாக ஒரு காப்பி போட்டு வாங்கிவந்தார். மூணு மணி நேரக் கேசட்டைக் காப்பி போட மூணு மணி நேரம் ஆகும், அதைக் குறுக்க வழியில்லை என்பதை அன்றைக்கு மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கேசட்டை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலோடு சேர்த்து அம்மா கட்டிக்கொடுத்தாள்.

எங்கள் பங்குக்கான கேசட் ஐப்பசியில் வந்தது. மழைக்காலம். பட்டுக்கோட்டையிலிருந்து கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, டயர் வண்டியில் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. இடமில்லாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்கள். தாமரை விரிந்தது, அதற்குள்ளிருந்து அத்தையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். இதய வடிவத்துக்குள் முகங்கள் சுழன்றன. படம் நாலு துண்டாகிப் பறந்து போனது. முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டு. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு. யார் வாயைத் திறந்தாலும் பாட்டுத்தான் கேட்டது. கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவரும் தன் முகம் வருகிற நொடிக்காகக் காத்திருந்து, வந்ததும் கூச்சல் போட்டார்கள்.

அப்பாயி முகம் வந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஒரு காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

'நான் பேசினது எங்கடா?' என்று கேட்டார் அப்பாயி.

பேச்சு இருந்தால் நல்லாயிருக்காது, சலசலவென்று சத்தமாக இருக்கும், அதனால் எல்லாக் கல்யாணத்துக்கும் இப்படிப் பாட்டுப் போட்டுத்தான் கொடுப்பது என்று மாமா விளக்கினார். அது உண்மைதான். அந்தக் காலத்தில் எடுத்த எந்தக் கல்யாண வீடியோவை எடுத்துப் பார்த்தாலும் பேச்சை அழித்துவிட்டுப் பாட்டு ஓடும். முகங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த நமக்குக் குரல்களையும் காப்பாற்ற வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. எத்தனை ஆயிரம் வீடுகளில் எத்தனை தாத்தாக்களும் பாட்டிகளும் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறார்கள்! கேமரா பதிந்த மூலக் கேசட்டையும் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. கேசட் விலை அப்படி. அதன் மேலேயே அடுத்த முகூர்த்தத்தின் கல்யாணத்தைப் பதிவார்கள்.

'என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்லை' என்று சொல்லிவிட்டு அப்பாயி வெற்றிலை இடிக்கத் தொடங்கினார்.

அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. 'கேசட் கிடைத்தது. எல்லாரையும் பார்த்தேன். திருப்தி.' எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்னார் இப்படி இருந்தார், அத்தை அழகாக இருந்தாள், நீ ஏன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாய் என்றெல்லாம் எழுதுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அம்மா அந்தக் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த டப்பாவில் வைத்தாள்.

அடுத்த வருஷம் ஆனியில் அப்பா வந்தார். நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் ஒரு டெக். பாப்பாவுக்கு ஒன்றரை வயது தாண்டியிருந்தது. அவரைக் கண்டதும் அம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். பிஸ்கட்டை நீட்டினார், வரவில்லை. கீ கொடுத்தால் ஓடும் கரடியைத் தரையில் விட்டார், பார்த்தாள், வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தபோது தானாகவே போய் அவர் கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா கண்ணைத் திறக்காமலே படுத்திருந்தார். விழித்துக்கொண்டுதான் இருந்தார், எனக்குத் தெரியும். இமை அசைந்தது.

அவர் பெட்டியைப் பிரிக்கும்போது, கல்யாணக் கேசட்டும் திரும்பி வந்திருந்ததைப் பார்த்தேன். அதே பழைய வேட்டித்துண்டு. புது டெக்கில் போட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். 'அது பாட்டு இல்லாத காப்பிடா. நம்ம வீட்டுல இருக்கறதுதான் நல்ல காப்பி, அதைப் போடு' என்று சொல்லி, பாஸ்போர்ட்டும் பத்திரமும் வைக்கிற ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நல்ல காப்பியைத்தான் நாங்கள் வருஷக்கணக்காகப் போட்டோம். யார் வீட்டுக்கு வந்தாலும் போட்டோம். பொங்கலுக்குப் போட்டோம், அத்தையின் பிள்ளைகள் வந்தால் போட்டோம். 1997இல் அப்பாயி போனபிறகு கொஞ்சநாள் போடவில்லை. அப்புறம் விசிடி வந்தது, டெக்கில் பெல்ட் அறுந்தது, அதைச் சரிசெய்யத் தோன்றவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் தரையோடு படுத்ததை இங்கே நான் எழுதப்போவதில்லை, அதற்குத் தனியாக மனசு வேண்டும். வீட்டின் ஓடுகள் பறந்து, பீரோவுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. கல்யாண ஆல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பார்த்தால் முகம் எதிர்த்தாளோடு போனது. கேசட்டை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தோம். சில மாதம் கழித்துப் பார்த்தால், கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது, பழைய ஊறுகாயில் பூப்பது மாதிரி.

அதன்பிறகு இதை டிவிடிக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நான்கைந்து வருஷத்தைக் கடத்தினேன். முதலில் கொடுத்த ஓர் இடத்தில் பூஞ்சையைத் துடைக்காமல் அப்படியே டெக்கில் தள்ளிவிட்டார்கள். நாடா உள்ளே சுற்றிக்கொண்டு இரண்டு முழம் கசங்கிப்போனது. மாப்பிள்ளை அழைப்பின் தொடக்கம் அதோடு போயிற்று. திரும்ப வாங்கிக்கொண்டு, தஞ்சாவூரில் முப்பது வருஷமாக டெக் ரிப்பேர் பார்க்கும் ஒருவரைத் தேடிப் போனேன். இந்தத் தடவை ட்ரங்குப் பெட்டியில் இருந்ததையும் அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். 'அது எதுக்கு?' என்றார். சும்மாதான் என்றேன். சாவியைக் கொடுத்தார்.

அந்தக் கடையில் அலமாரி முழுக்கச் செத்துப்போன டெக்குகள். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குப் போட்டுத்தான் ஓட்டுகிறேன் என்றார். 1976இல் ஜப்பானில் ஜேவிசி கொண்டுவந்த விஎச்எஸ் கேசட்டுக்கு, கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையில் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. புது ஹெட் இனி எங்கேயும் கிடைக்காது. தேய்கிறவரை ஓடும், அவ்வளவுதான். கேசட்டைக் கவிழ்த்து அடியில் இருந்த ஐந்து திருகாணிகளையும் கழற்றி, மூடியைப் பிரித்து, சுருள்களை வெளியே எடுத்தார். அரை அங்குல அகல நாடா. மூணு மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட கால் கிலோமீட்டர் நீளம். அதை முழுக்க, பஞ்சு உதிராத துணியில் ஸ்பிரிட் நனைத்து, கையால் சுருளைத் திருப்பித் திருப்பி இழுத்தே துடைத்தார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு நாள் முழுக்க. துணியில் வந்த வெள்ளைத் தூளைப் பார்த்தபோது, அந்தப் பூஞ்சை தின்றது எங்கள் பந்தலை அல்லவா என்று இருந்தது எனக்கு.

'இவ்வளவு பேர் செல்போன்ல எடுத்துத் தள்றாங்க. இதத் தொடச்சுத் தாங்கன்னு வர்றவங்க வருஷத்துக்குப் பத்து இருவது பேருதான் தம்பி' என்றார். 'வர்றவங்ககூட செத்தவங்களப் பாக்கத்தான் வர்றாங்க.'

டெக்கிலிருந்து மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை வயர் சத்தத்துக்கு. ஒரு சின்னப் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போனது. இதிலும் அதே கணக்குத்தான். மூணு மணி நேரக் கேசட்டை ஏற்ற மூணு மணி நேரம். மாமா ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த மாதிரியே நானும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நல்ல காப்பி ஏறி முடிந்தது. மறுநாள் அப்பாவின் கேசட்டைப் போட்டார். அதைத் துடைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாலைவனத்தில் ஒரு வருஷம் இருந்து, அப்புறம் பூட்டிய பெட்டிக்குள்ளேயே கிடந்தது, ஒரு புள்ளிப் பூஞ்சை இல்லை.

தாமரை இல்லை, பேர் எழுத்து இல்லை. எடுத்த எடுப்பில் எங்கள் வாசல். நாயனச் சத்தம், அதற்குள் எங்கேயோ ஒரு குழந்தை அழுகை, 'சாம்பார் வாளி எங்கப்பா, அந்தப் பந்திக்குப் போவலியே' என்று ஒரு குரல், தவில்காரர் வாரை இழுத்துக்கட்டித் தட்டிப்பார்க்கும் சத்தம், 'வயரை மிதிக்காத' என்று மாமா. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருஷமாக ஊமைப் படமாகவே பார்த்துப் பழகிய கல்யாணம் வாயைத் திறந்து பேசுகிறது.

அப்பாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

'தம்பி, நல்லாருக்கியா? வேளைக்குச் சாப்பிடு. பந்தல் பெருசாப் போட்டுருக்கு. பாயாசத்துக்கு நீ குடுத்துவிட்ட முந்திரிதான். செவலை மாடு கன்னு போட்டுருக்கு, கெடேரி. நெஞ்சுவலி இப்ப இல்ல எனக்கு, அதப்பத்தி நினைக்காத. வேற ஒரு கொறையும் இல்ல. நீதான் இல்ல.'

கடைக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் டீ வாங்கிவந்தார். அதற்குள் கேசட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தக்கூடாது. தாலி கட்டு, பந்தி, மொய். சுத்தமாக ஓடியது. ஒரு மணி நாற்பது நிமிஷம் தாண்டியதும் திடீரென்று படத்தில் வெள்ளைக் கோடுகள் சிதறின. மழை பெய்வதுபோலக் குறுக்கும் நெடுக்கும். கூடத்துத் தூண் தெரிந்தது, மறைந்தது. ஒரு கை தெரிந்தது.

'டெக்கு போயிருச்சா?' என்றேன்.

'டெக்கு நல்லாத்தான் இருக்கு. நாடா தேஞ்சிருக்கு, இந்த எடத்துல மட்டும்' என்றார் அவர். கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தார். கோடுகள் நின்று, படம் மறுபடி தெளிவானது. 'இந்த எடத்த யாரோ நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்காங்க தம்பி.'

பிறகு அதைப் புரியவைத்தார். படம் ஓடும்போது நாடா வினாடிக்கு இரண்டே கால் சென்டிமீட்டர் போல மெல்ல நகரும், உள்ளே ஹெட் பொருத்திய உருளை நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றும். பாஸ் அழுத்தினால் நாடா நிற்கும், உருளை நிற்காது. அதில் இரண்டு ஹெட். ஒரு நிமிஷம் நிறுத்திவைத்தால் அதே இடத்தை 3,000 தடவை உரசும். அதனால்தான் நாலைந்து நிமிஷத்துக்கு மேல் பாஸில் விட்டால் டெக் தானாகவே விடுவித்துக்கொள்ளும், நாடாவைக் காப்பாற்ற. விடுவித்ததும் மறுபடி பின்னால் ஓட்டி மறுபடி நிறுத்தினால்? ஒருநாள் இரண்டுநாளில் இப்படித் தேயாது என்றார். மாதக்கணக்காகப் பார்த்திருக்க வேண்டும்.

எட்டுப் பேர் படுக்கும் ஓர் அறையில், அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் இருந்ததாக அப்பா எப்போதோ சொல்லியிருக்கிறார். அந்த அறையில் ஒரே டிவி, ஒரே டெக். எல்லாரும் தூங்கினபிறகா, ஷிப்டு முடிந்து வந்தா, வெள்ளிக்கிழமை மத்தியானத்திலா? யோசித்துப் பார்த்தேன்.

தேய்ந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னேன். பதினோரு வினாடி. நாடாவில் அளந்தால் ஒரு சாண் சொச்சம். கோடுகளுக்கு நடுவே அம்மாவின் வளையல் போட்ட கைகள், பாப்பாவின் பிதுங்கிய உதடு, நீட்டிய விரல்கள். படம் இப்படிக் கிழிந்திருக்க, சத்தம் மட்டும் முழுசாக இருந்தது. சத்தம் நாடாவின் மேல் ஓரத்தில் தனிக்கோடாகப் பதிவது, சுற்றும் ஹெட் அதைத் தொடாது என்றார். பந்தியின் இரைச்சலுக்கு முன்னால், கேமராவின் மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், ரகசியம் பேசுவதுபோல அம்மாவின் குரல் கேட்டது.

'அங்க பாரு. அப்பா பாரு.'

அம்மா வாயைத் திறக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

'அந்த மிக்சிங் காப்பியிலேர்ந்து படத்தை எடுத்து இங்க ஒட்டிறலாம். சத்தம் இதுலயே இருக்கட்டும். கோடு தெரியாது' என்றார் கடைக்காரர். நல்ல யோசனைதான். அந்தக் காப்பியில் பாப்பாவின் முகம் தாமரைக்குள் நான்கு வினாடி வந்துபோகும். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு டிவிடியில் 4.7 ஜிபிதான் பிடிக்கும், மூணு மணி நேரத்தை நெருக்கி ஒன்றில் அடைத்தால் படம் கெட்டுவிடும் என்று இரண்டு டிஸ்க்காகப் பிரித்துப் போட்டுத்தந்தார். டிஸ்க்கும் சாசுவதம் இல்லை, வெயில் படாமல் வையுங்கள், ஹார்டு டிஸ்க்கிலும் ஒன்று இருக்கட்டும் என்று சொல்லி அதையும் ஏற்றிக்கொடுத்தார். பென்டிரைவ் போதாதா என்று தங்கச்சி போனில் கேட்டாள். அப்பாவுக்கு டிவிடி பிளேயர்தான் கைப்பழக்கம். தட்டு வெளியே வரும், வைத்தால் உள்ளே போகும், ரிமோட்டில் எந்தப் பொத்தான் எங்கே என்று கண்ணாடி இல்லாமலே தெரியும்.

அன்று சாயங்காலம் அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்தார். டிவி இப்போது அகலமானது, பழைய படம் அதன் நடுவில் மட்டும் சதுரமாக, இரண்டு பக்கமும் இருட்டு விட்டு நின்றது. மச்சான் நல்லாருக்கீங்களா என்று மாமா கேட்டபோது தலையை மெல்ல அசைத்தார். அப்பாயி பேசி முடிக்கிறவரை அசையவில்லை. எனக்கு அவரிடம் கேட்க நிறைய இருந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. இரண்டாவது டிஸ்க்கைப் போட்டேன். கூடத்துத் தூண் வந்தது, வெள்ளைக் கோடுகள் விழத் தொடங்கின. அப்பா ரிமோட்டை எடுத்தார். தேடவேயில்லை, கட்டைவிரல் அதன்பாட்டுக்குப் போனது.

பாப்பாவின் கை நீண்டபடி படம் நின்றது. குறுக்கே மூன்று கோடு. டெக்காக இருந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் தானே விட்டிருக்கும். இது நின்றது.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

'என்ன, நின்னு போச்சா?'

'இல்ல' என்றார் அப்பா. 'நாந்தான் நிறுத்தியிருக்கேன்.'